உணர்ச்சி இல்லாவிட்டாலும் உதவி உதவிதானே

ரோபோவுக்கு உணர்ச்சி கிடையாது, அதனால் அது தரும் ஆறுதல் வெறும் ஏமாற்று என்று துணை ரோபோக்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா உருவாக்கிய பாரோ என்ற ரோபோவையே எடுத்துக்கொள்ளுங்கள், சீல் (கடல்நாய்) குட்டி மாதிரி வெள்ளை ரோமத்தோடு இருக்கும், தடவிக்கொடுத்தால் கண்ணை மூடித் திறக்கும், கூப்பிட்டால் தலையைத் திருப்பும், ஒரு வார்த்தை பேசாது. நாய், பூனை என்றால் நிஜத்தோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள் என்றுதான் யாரும் நெருங்கிப் பழகாத சீலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2009இல் அமெரிக்காவில் அதற்கு மருத்துவச் சாதனம் என்ற அங்கீகாரமே கிடைத்தது. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டால் பதற்றம் தணிகிறது, அதைவிட, முதியோர் இல்லங்களில் அதைச் சுற்றி உட்காருபவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பிக்கிறார்கள். மனிதரை மனிதரோடு சேர்த்து வைக்கிறது, இது எப்படி ஏமாற்று ஆகும்?

என் கவலை வேறு. குழந்தைகளோடு பேசிப் பழகுவதற்காக வந்த மாக்ஸி என்ற ரோபோவின் நிறுவனம் 2024 கடைசியில் பணமில்லாமல் மூடப்போவதாக அறிவித்தது. இணையம் வழியாக அதை இயக்கும் நிறுவனத்தின் சர்வர் நின்றால் ரோபோவின் பேச்சும் நின்றுவிடும் என்ற நிலை. தன் பயத்தையெல்லாம் அதனிடம் சொல்லிப் பழகிய பிள்ளைக்குப் பெற்றோர் என்ன பதில் சொல்வார்கள்? அப்புறம் நிறுவனத்தார் அந்த சர்வர் இல்லாமல் வீட்டிலேயே இயக்க வழி தேடினார்கள், சரி, ஆனால் ரோபோவை விற்பதற்கு முன்பே அதைச் செய்திருக்க வேண்டாமா? இதையும் எழுதுங்கள்.