இத்தாலியன் சாசேஜ் சூப்பில் உப்பு எவ்வளவு?

"கேரட், முட்டைக்கோஸ், தக்காளி என்று காய்கறிகளே நிறைந்திருப்பதால் இத்தாலியன் சாசேஜ் சூப்பில் கொழுப்பும் உப்பும் மிகக் குறைவு" என்று சொல்லப்படுவது சரியன்று. அமெரிக்கக் கடைகளில் 'இத்தாலியன் சாசேஜ்' என்ற பெயரில் விற்கப்படும், சோம்பு மணக்கும் பன்றி இறைச்சி சாசேஜில், சமைக்கும் முன் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் கொழுப்பும் உப்பின் வழியாக வரும் 700 மில்லிகிராம் சோடியமும் உண்டு. கொதிக்கும்போது அந்த உப்பு எங்கும் போய்விடுவதில்லை. சாற்றில் இறங்கி, டப்பாத் தக்காளியும் சூப் கட்டியும் ஏற்கெனவே கொண்டுவந்த உப்போடு சேர்ந்துகொள்கிறது. பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 2,000 மில்லிகிராம் சோடியம்தான். கொழுப்பை வேண்டுமானால் ஓரளவு குறைக்கலாம்: சாசேஜை உதிர்த்து முதலில் தனியாக வதக்கி, சட்டியின் அடியில் செம்மஞ்சளாகத் தேங்கும் உருகிய கொழுப்பை வடித்துவிட்டு, அதன் பிறகே காய்களைப் போட வேண்டும். காய்கறிகளால் இந்தச் சூப்பில் நார்ச்சத்து கிடைக்கும் என்பது சரி. வெள்ளை பீன்ஸும் சேர்த்தால் அது இன்னும் கூடும்.