பன்னிரண்டேகாலுக்குக் காணாமல் போன நிழல்

பிள்ளைகளை உச்சி வெயிலில் நிறுத்திவிட்டேன் என்று போன ஆகஸ்டில் ஒரு அம்மா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். "பாடம் நடத்துங்க டீச்சர், விளையாட வீட்டு வாசல் இருக்கு" என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அன்றைக்கு நான் நடத்தியது அறிவியல் பாடம்தான் என்று சொல்லியே ஆகவேண்டும்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடையே இருக்கிற ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். காரைக்குடிப் பக்கம் ஏப்ரல் நடுவில் ஒரு நாள், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாள். அந்த நேரத்தில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. இதையே போட்டியாக வைத்தேன். நான்கு அணி, அணிக்கு ஒரு குச்சி, நீளம் அவரவர் இஷ்டம். யாருடைய நிழல் முதலில் மறையும்? குட்டைக் குச்சிதான் ஜெயிக்கும் என்று பாதி வகுப்பு சத்தியமே செய்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புளியங்கொட்டை வைக்கவேண்டும், என் போனில் படம் எடுக்கவேண்டும்.

பன்னிரண்டு அடித்தது. நிழல் அப்படியே இருந்தது, பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. பன்னிரண்டேகால் தாண்டியதும் நெட்டை, குட்டை என்றில்லாமல் மூன்று நிழலும் ஒன்றாகக் கரைந்தன. நான்காவது, ஒரு சாண் குச்சி, அதற்கு மட்டும் அரை விரல் நிழல். அந்த அணிப் பையன் குனிந்து பார்த்தான். அவன் அப்பா கொத்தனார், எதிர் வீடு. ஒரே ஓட்டமாக ஓடித் தூக்குக்குண்டோடு வந்து, நூலைப் பிடித்துக் குச்சியை நிமிர்த்தினான். நிழல் நூல் கனத்துக்கு ஒடுங்கியது. செங்குத்து என்ற சொல்லை அதற்கப்புறம் நான் விளக்கவே இல்லை.

"ஏன் டீச்சர் பன்னிரண்டுக்கே மறையல?" என்று கேட்டார்கள். நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. நாம் அதற்கு ஏறத்தாழ 4 டிகிரி மேற்கே இருக்கிறோம். சூரியன் நம் உச்சிக்கு வர டிகிரிக்கு 4 நிமிடம் பிந்தும். பெருக்கிப் பார்த்து, பதினாறு என்று கத்தினார்கள்.

திரையும் போனும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் படங்களை வேகமாகத் தள்ளிக் காட்டியபோது நிழல் சுருங்கிக்கொண்டே போனது. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முதலில் முற்றம், பிறகுதான் திரை. ஊருணியில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று வாரம் ஒரு படம் எடுத்தால் ஆவியாதல் பாடம் அங்கேயே தொடங்கிவிடும். வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகப் பக்கத்துக் கிராமமான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அங்கே அரை நாள் பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு வேன் கிடைக்காதா?

நிழல் மறையும் நாள் ஏப்ரலில் மறுபடி வருகிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் பன்னிரண்டு மணிக்கே குச்சியை நட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம், சூரியனை நிமிர்ந்து பார்க்க விடாதீர்கள். மேகம் மூடிவிட்டால் மறுநாள் வைத்துக்கொள்ளலாம், ஒரு மீட்டர் குச்சிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட நிழல் இருக்காது.