எமனே ஏற்றுக்கொண்ட பேர்

(குடியாத்தம் பக்கம் ஒரு கணினி மையம். முதியோர் உதவித்தொகை மனு. வரிசை வாசல் வரை நிற்கிறது, தம்பிக்கு அவசரம்.)

தம்பி: பேர் சொல்லுங்கள், பாட்டி.

பாட்டி: தவிட்டம்மாள்.

தம்பி: வியாபாரத்தைக் கேட்கவில்லை. பேர்.

பாட்டி: அதுதானப்பா பேர். தவிடு விற்றிருந்தால் உதவித்தொகைக்கு ஏன் வந்து நிற்கப் போகிறேன்?

தம்பி: பட்டப்பேர் எடுக்காது, பாட்டி. பெற்றவர்கள் வைத்த பேர்?

பாட்டி: தவிட்டம்மாள். எனக்கு முன்னால் பிறந்த ரெண்டும் தங்கவில்லை. என்னைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டு, ஒரு முறம் தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கினாள் எங்கம்மா. தவிட்டுக்கு வாங்கின பிள்ளையை எமன் சீண்ட மாட்டானாம்.

தம்பி: ஆதாரில் 'டேவிட் அம்மாள்' என்று இருக்கிறதே?

பாட்டி: டேவிட் யாரு?

தம்பி: உங்கள் மகனாக இருக்கும்.

பாட்டி: எனக்கு ரெண்டும் பொண்ணு.

தம்பி: அப்படியென்றால் பேர் மாற்றம் செய்ய வேண்டும். பணம் கட்டி, அரசிதழில் போட்டு...

பாட்டி: மாற்றினது உங்கள் ஆள், பணம் கட்டுவது நானா? நான் பிறந்தபோது இது வட ஆற்காடு ஜில்லா. 1989-இல் பிரித்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றார்கள். அப்புறம் வேலூர். இத்தனை பேர் மாறியும் ஜில்லாவைப் பார்த்து 'எது பட்டப்பேர்' என்று எவனாவது கேட்டானா?

தம்பி: கணினி ஏற்றுக்கொள்ளாது, பாட்டி.

பாட்டி: எமனே ஏற்றுக்கொண்டான்.

தம்பி: சரி, பக்கத்தில் இவர்?

பாட்டி: என் தங்கச்சி. இவளுக்கும் மனு.

தம்பி: பேர்?

பாட்டி: வேண்டாம்.

தம்பி: பேர் வேண்டாம் என்றால் மனு எப்படிப் போடுவது?

பாட்டி: வேண்டாம் என்றே போடு.

தம்பி: சரி, போடவில்லை. அடுத்த ஆள் வாங்க!

பாட்டி: இருப்பா. இவள் பேரே வேண்டாம். எனக்குப் பின்னால் வரிசையாகப் பொண்ணு. இனிமேல் பொண்ணு வேண்டாம் என்று சாமிக்குச் சொல்வதற்காக வைத்தது. திருத்தணிப் பக்கமும் இந்தப் பேர் உண்டு.

தம்பி: கூப்பிடச் சங்கடமாக இருக்காதா?

பாட்டி: பந்தியில்தான் சங்கடம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் பரிமாறுகிறவன் அடுத்த இலைக்குப் போய்விடுவான். எனக்கு வைத்த பேர் எமன் காதுக்கு. இவளுக்கு வைத்ததை இவள்தான் தினமும் கேட்டாள்.

தம்பி: ...அப்பா பேர்?

பாட்டி: குப்பன்.

தம்பி: அது பட்டப்...

பாட்டி: குப்பையில் புரட்டி எடுத்த பிள்ளை. எழுது.

தம்பி: (தட்டுகிறான்) 'கப்பல்' என்று வந்துவிட்டது, பாட்டி. பரவாயில்லையா?