மாமரமா, அழகுப்புல்லா: தங்கைக்கு என் பதில்

போன வாரம் தங்கை வாட்ஸ்அப்பில் இரண்டு படம் அனுப்பினாள். ஒன்று, கோலாலம்பூர் பக்கம் கெப்போங்கில் அவள் வாங்கியிருக்கும் புது வீட்டின் முன்பக்கம். கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, பதினைந்துக்குப் பத்தடி வெறும் மண். இன்னொன்று எங்கிருந்தோ எடுத்த படம்: செம்பழுப்பு நிறத்தில் நீரூற்று போல வளைந்து விழும் புல், நுனியில் நரிவால் மாதிரி கதிர். "அக்கா, இதைத்தான் வைக்கலாம்னு இருக்கேன். அப்பா வெச்ச மாமரம் மாதிரி தொல்லை இருக்காதுல்ல?" என்று கேட்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்தேன். அவளுக்கு மட்டும் பதில் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், புதிதாக வீடு வாங்கிய பலரும் இதையே கேட்கிறார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன். என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த மண்ணில் பழமரம்தான் நிற்க வேண்டும்.

அந்தப் புல்லை வெறுத்து இதைச் சொல்லவில்லை. 2019இல் எங்கள் செத்தாப்பாக் வீட்டு வேலியோரம் பத்துத் தூர் வைத்தவள் நான். தோட்டம் அமைத்துக் கொடுத்தவர் 'பவுண்டன் கிராஸ்' என்றார், பராமரிப்பே வேண்டாம் என்றார். வெயில் சாயும் நேரத்தில் கதிர்களுக்குப் பின்னாலிருந்து ஒளி விழும்போது அவ்வளவு அழகு. காற்றடித்தால் வரிசை மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து எழும். முதல் எட்டு மாதம் அதைப் பார்ப்பதற்காகவே சாயங்காலத் தேநீரை வாசலுக்கு எடுத்து வருவேன்.

அப்புறம் அக்டோபர் மழை வந்தது. இங்கே மத்தியான மழை எப்படிக் கொட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கதிர்கள் நனைந்து படுத்தன, பிறகு எழவே இல்லை. தூரின் நடுப்பகுதி வைக்கோலாகிவிட்டது, வெளிவட்டத்தில் மட்டும் நிறம் மிச்சம். ஒரு சாண் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும் என்றார்கள். அறுத்தேன், துளிர்த்தது. அடுத்த மழைக்காலத்தில் அதே கதை. கார் கூரையின் நிழல் பட்ட நான்கு தூரில் அந்தச் சிவப்பே வரவில்லை, வெளிறிய பச்சையாக நீண்டுகொண்டு போயின.

ஏன் இப்படி என்று பிறகுதான் புரிந்தது. அதன் மூல இனம் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துப் புல். படங்களில் நாம் பார்த்து மயங்கும் தோட்டங்கள் பெரும்பாலும் பருவம் மாறுகிற நாடுகளில் இருப்பவை. அங்கே குளிர்காலத்தில் புல் காய்ந்து பொன்னிறமாகும். அதையும் அழகென்று விட்டுவைத்து, வசந்தத்துக்கு முன்னால் ஒரு முறை அறுப்பார்கள், புதிதாக முளைத்து வரும். கோலாலம்பூரில் அந்த ஓய்வு இல்லை. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பன்னிரண்டு மாதமும் வெப்பம். புல் வளர்ந்துகொண்டே இருக்கும், காய்ந்த தாளும் சேர்ந்துகொண்டே இருக்கும். பராமரிப்பே வேண்டாம் என்ற பேச்சு நம் ஊருக்குப் பொருந்தாது.

இன்னொன்று. சிவப்பு ரகத்தில் விதை அநேகமாகப் பிடிக்காது, அதனால் பரவும் பயமில்லை. பச்சை ரகம் அப்படியில்லை. ஹவாயில் எரிமலைக் குழம்பு உறைந்த நிலமெல்லாம் அது பரவி, காய்ந்து, தீக்கு விறகாகிக் கிடக்கிறது. எந்த ரகம் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இனி மாமரம். அப்பா ரவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் சொந்தமென்று ஒரு சாண் மண் கிடையாது. ஆனாலும் லயத்துக்குப் பின்னால் தாத்தா மா, முருங்கை, வாழை எல்லாம் வைத்திருந்தார். தோட்டம் கைமாறி எல்லாரும் வெளியேறியபோது தட்டுமுட்டுச் சாமானெல்லாம் லாரியில் ஏறியது, மரங்கள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன. 1994இல் செத்தாப்பாக் வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே அப்பா ஒட்டு மாங்கன்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டார். நாற்காலி வாங்கியது அதற்கப்புறம்தான். தங்கைக்கு இது நினைவிருக்காது, அப்போது அவள் கைக்குழந்தை.

வருஷா வருஷம் காய்த்துக் கொட்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மா பூக்க ஒரு வறட்சி வேண்டும். வடகோடிப் பெர்லிஸ் மாநிலத்தில் ஆண்டுத் தொடக்கத்தில் நல்ல வறட்சி வரும், ஹாருமானிஸ் மாம்பழம் அங்கே அப்படி விளைவதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே தொடர்ந்து சில வாரம் வெயில் காய்ந்தால் மரம் பூக்கும், பூத்த கையோடு மழை பிடித்தால் பூங்கொத்து கருகிக் கொட்டிவிடும். மூன்று வருடத்தில் ஒரு வருடம் நிறைய, மற்ற இரண்டில் பத்திருபது காய். அந்தப் பத்திருபதையும் பழ ஈ விடாது. தோலுக்கடியில் முட்டை வைத்துவிடும், வெளியே அழகாக இருக்கும், அறுத்தால் புழு. காய் முட்டையளவு வந்ததுமே தாள் உறை கட்டிவிட வேண்டும்.

ஆனால் பழத்தை மட்டும் வைத்து மரத்தை அளக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. ஒரு வருடம் கிளைகளை ஒட்ட வெட்டிவிட்டோம். அந்த வருடம் ராத்திரி எட்டு மணிக்கும் முன்சுவரில் கைவைத்தால் சுட்டது. அதுவரை அந்தச் சூட்டை யார் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இடுப்பளவுப் புல் எத்தனை வரிசை வைத்தாலும் சுவருக்கு நிழல் தராது.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையிலிருந்தே கேட் தட்டுவார்கள். "அக்கா, ரெண்டு கொத்து மாவிலை." தெருக்கோடியில் குடிவந்த புதியவர்களை நான் முதலில் பார்த்துப் பேசியது அப்படித்தான். எதிர்வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, ரோஜாக் என்னும் காய்கனிக் கலவைக்குப் பச்சைக்காய் கேட்பார், மறுநாள் அதே தட்டில் குவே பலகாரம் வரும். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்கு அம்மா கடைக்காய் வாங்கியதே இல்லை. காய் இல்லாத வருடம் உறைபெட்டியில் வைத்த துண்டுகள் கைகொடுக்கும். விடியும் முன்னே குயில் வந்து உட்கார்ந்துவிடும். அந்தச் சத்தத்துக்குத்தான் அப்பா கடைசி வருடங்களில் எழுந்துகொண்டிருந்தார்.

குறையை மறைக்கக் கூடாது. லோங்காங்கிலிருந்து, அதாவது வீட்டோரக் கழிவுநீர்க் கால்வாயிலிருந்து, மூன்றே அடி தள்ளி அப்பா நட்டுவிட்டார். பத்து வருடத்தில் வேர் காங்கிரீட்டைத் தூக்கியது, பக்கத்து வீட்டுப் பகுதிக்கும் சேர்த்து நாங்களே செலவு செய்து கட்டிக்கொடுத்தோம். தினம் சருகு கூட்ட வேண்டும். முசுறு கடிக்கும், ஆனால் அது இலை தின்னும் பூச்சிகளைப் பிடிக்கும் என்பதால் நான் கலைப்பதில்லை. தங்கை சொல்லும் தொல்லை இதெல்லாம்தான், உண்மைதான். பெரும்பகுதி நட்ட இடத்தின் பிழை, மரத்தின் பிழை குறைவு.

அதனால் அவளுக்குச் சொன்னது இது. ஒட்டுக்கன்று வாங்கு, மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். மண் துண்டின் உட்பக்கமாக, லோங்காங்கிலிருந்தும் சுவரிலிருந்தும் முடிந்த அளவு தள்ளி நடு. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை உடனே கிள்ளு. காய்ப்பு முடிந்ததும் கவாத்து செய்து பத்தடிக்கு மேல் போகவிடாதே. பழம்தான் முக்கியம், மழையோடு மல்லுக்கட்ட முடியாது என்றால் கொய்யா வை, அதற்கு வறட்சியெல்லாம் தேவையில்லை.

புல்லே கூடாதா என்று அவள் கேட்டாள். நம் பழைய இலக்கணத்தில் உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல். அந்தக் கணக்கில் தென்னையும் மூங்கிலுமே புல். பொங்கலுக்குக் கட்டும் கரும்பு புல், பிள்ளையாருக்கு வைக்கும் அறுகு புல். அவள் வீட்டுப் பின்பக்கம் சரிவாக இருக்கிறது, அங்கே வெட்டிவேர் வைக்கலாம். அதன் வேர் மூன்று மீட்டர் வரை நேராக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழையில் படுத்தாலும் யாருக்கும் கவலையில்லை.

சனிக்கிழமை இருவரும் சுங்கை பூலோ போகிறோம். 1930இல் தொழுநோயாளிகளுக்கென்று திறந்த குடியிருப்பு அங்கே இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கியதில் உருவானவைதான் இன்று நாம் போய் நிற்கும் நர்சரிகளில் பல. கன்று அங்கேதான் வாங்க வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். வேலியோரம் மிஞ்சும் இடத்துக்கு எங்கள் வீட்டுச் செராய் (எலுமிச்சைப்புல்) தூரிலிருந்து நான்கைந்து பிரித்து எடுத்துப் போகிறேன். அதுவும் வளைந்து விழும், காற்றில் ஆடும், மீன் குழம்புக்கும் ஆகும்.