யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்

நேற்று ராத்திரி மாடிப்படிக்குக் கீழே டார்ச் அடித்து, எங்கள் போர்ஷனுக்கு அவரே மாட்டிவைத்த சப் மீட்டரைப் பார்த்துவிட்டு, "நூத்திப்பத்து யூனிட்மா, தொள்ளாயிரத்துத் தொண்ணூறு" என்று ஹவுஸ் ஓனர் அம்மா நோட்டில் எழுதிக்கொண்டு போனார். யூனிட் ஒன்பது ரூபாய். ஏசி கிடையாது, இரண்டு ஃபேன், ஒரு பழைய ஃப்ரிட்ஜ், டிவி. அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழித்துப்போடலாம் போல வந்தது.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-லிருந்து இருக்கிறது. எங்கள் ஆவடி வீட்டில் மூன்று போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மின் இணைப்பு. ஆளுக்கு நூறு என்று வரவேண்டியது, மொத்தத்துக்கே நூறு. அதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை. மூன்று வீட்டுக் கரண்டும் ஒன்றாகக் கூடி 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டுமா விலை ஏறும்? கீழே இருப்பதற்கும் சேர்த்துத்தான். மின்வாரியத்தின் தனி மீட்டர் இருந்தால் என்னுடைய இரண்டு மாத 220 யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய்கூட வராது. நான் கொடுப்பது 1,980.

தனி மீட்டர் கேட்டால், "பிடிக்கலைன்னா வேற வீடு பாத்துக்கோம்மா." பார்க்கலாம்தான். பத்து மாத அட்வான்ஸை யார் தருவது? மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2017 சட்டம் சொல்கிறதாம். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரியாம். என்ன சட்டமோ!

சும்மா உட்கார்ந்திருக்கிற குடும்பமா நாங்கள்? அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்தில் நிற்கிறார். நான் ஜவுளிக்கடையில் நிற்கிறேன். (உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-ல் சட்டத்தையே திருத்தினார்கள். எங்கள் கடை ஸ்டூலில் புடவைப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.) இரண்டு சம்பளமும் சேர்த்து 20,500. வாடகை, பள்ளி வேன், குழுக் கடன் தவணை, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை. பத்தாம் தேதிக்கு மேல் பச்சை பாக்கெட் பால், விலை குறைந்த நீல பாக்கெட்டாகிவிடும், அப்புறம் அதுவும் பாதி தண்ணீர்.

பஸ் இலவசம் இல்லையென்றால் வேலைக்கே போயிருக்க மாட்டேன், அதைக் குறை சொல்லவில்லை. மாதம் ஆயிரம் உரிமைத்தொகையும் வருகிறது. வந்த அன்றைக்கே 990 அந்த அம்மாவுக்குப் போகிறது. என் உரிமை பத்து ரூபாய்.

இன்று காலை அந்தப் பத்துக்கும் வழி பிறந்துவிட்டது. தண்ணீர் மோட்டாருக்கு வீட்டுக்கு ஐம்பது ரூபாய் என்று நோட்டில் புதுக்கோடு போட்டிருக்கிறார்.