வழி சொல்வதற்கும் கமிஷனா?

மொரிஷியஸுக்கு வருகிறவர்களுக்கு எங்கே சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் கமிஷன் வாங்குகிறவர்களின் கைக்குப் போய்விட்டது. ஓட்டல் வரவேற்பு மேசை, சுற்றுலா முகவர், வாடகைக் கார் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் விருந்தினரின் காதில் விழுவது ஒரே பட்டியல்தான். அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் யாரோ ஒருவருக்குச் சேர வேண்டிய பங்கு ஒளிந்திருக்கிறது. பங்கு கொடுக்க வழியில்லாத இடம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் அதில் சேர்வதே இல்லை. இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

சென்னையில் நான் படித்த காலத்து நண்பர் ஒருவர் கடந்த செப்டம்பரில் குடும்பத்தோடு இங்கே வந்திருந்தார். கூட அவருடைய அம்மா. எழுபதைக் கடந்தவர், முட்டை கூடத் தொடாத சைவம். வார நாட்களில் எனக்கு வேலை இருந்ததால், அவர்கள் தங்கியிருந்த கடற்கரை ஓட்டலே ஏற்பாடு செய்த காரில் 'தெற்குச் சுற்றுலா' கிளம்பினார்கள். இங்கே இருப்பவர்களுக்கு இந்தச் சுற்றுலாவின் வரிசை மனப்பாடம். முதலில் கப்பல் பொம்மை செய்து விற்கும் கடை, பிறகு க்யூர்பீப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாய், இந்துக்களின் புனிதக் குளமான கங்கா தலாவில் பத்து நிமிடம், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கின் மேலிருந்து ஒரு புகைப்படம், கடைசியில் சமரேலின் ஏழு நிற மண். கங்கா தலாவில் குளத்தைச் சுற்றி வந்து சற்று உட்கார வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். நேரமில்லை என்று பதில் வந்திருக்கிறது. கப்பல் பொம்மைக் கடையில் மட்டும் அவர்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

மதியச் சாப்பாட்டில் நடந்ததைக் கேட்டபோதுதான் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஓட்டுநர் கொண்டுபோய் நிறுத்திய உணவகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரே சாப்பாடு, ஒரே விலை. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. 'இதில் மீன், கோழி கலக்காததாக ஏதாவது இருக்கிறதா?' என்று அம்மா கேட்டதற்கு வெறும் சோறும், வெட்டி வைத்த வெள்ளரிக்காயும், இரண்டு துண்டு பிரெட்டும் வந்திருக்கின்றன. அதற்கும் முழு விலை வாங்கியிருக்கிறார்கள். 'இது மீன் தின்கிற ஊர், சைவம் கிடைப்பது கஷ்டம்' என்று ஓட்டுநர் சமாதானம் வேறு சொன்னாராம். மாலையில் நான் ஓட்டலுக்குப் போனபோது அந்த அம்மா அறையில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பொரி உருண்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மொரிஷியஸில் சைவம் கிடைக்காதாம்! காலை ஏழு மணிக்கு எந்த ஊர்ச் சாலையோரத்திலும் கண்ணாடிப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் பருப்பு வைத்துச் சுட்ட டோல் பூரி விற்கும் நாட்டில், வேலைக்குப் போகிறவர்கள் ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி நடுவில் சுடச்சுடப் பருப்பு வடை வைத்துத் தின்றுகொண்டே பஸ் பிடிக்கும் நாட்டில், இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எப்படி மனம் வந்தது? காவடி முடிந்ததும் கோயில்களில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறோம். பூசணி, பலாக்காய், கத்தரிக்காய், அவரை என்று வரிசையாக வந்து, ரசத்திலும் பாயசத்திலும் முடிகிற அந்தச் சாப்பாட்டில் ஒரு துளி அசைவம் கிடையாது. பந்தியில் உட்கார்ந்தவரை நீ யார் என்று கேட்பவரும் கிடையாது. தைப்பூசத்துக்கு நாடு முழுவதும் அரசு விடுமுறை விடுகிற ஊர் இது. அந்த விரதத்தின் போது எத்தனை வீடுகளில் சைவம் மட்டுமே சமைக்கிறார்கள் என்பது அந்த ஓட்டுநருக்குத் தெரியாமலா இருக்கும்? நன்றாகவே தெரியும். ஆனால் வாழையிலைச் சாப்பாட்டில் கமிஷன் கிடையாது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே அவர்களை ரோஸ் ஹில்லுக்கு அழைத்துப் போனேன். டோல் பூரி விற்பவர் துணியை விலக்கி, அடுக்கிலிருந்து இரண்டு பூரியைப் பிரித்தெடுத்தார். கடலைப் பருப்பை அரைத்து உள்ளே வைத்துத் தேய்த்த, விரல் பட்டால் கிழிந்துவிடும் போன்ற மெல்லிய பூரி அது. அதன்மேல் ஒரு கரண்டி மொச்சைக் கறியும் ருகாய் என்னும் தக்காளித் தொக்கும் பரப்பி, ஓரத்தில் கொத்தமல்லிச் சட்னியை வைத்து, சுருட்டித் தாளில் மடித்துக் கொடுத்தார். அம்மா நின்றுகொண்டே சாப்பிட்டார், பிறகு இன்னும் ஒரு ஜோடி கேட்டார். நால்வரும் வயிறு நிறையச் சாப்பிட்டும், முந்தின நாள் அந்த வெள்ளரிக்காய்த் தட்டு ஒன்றுக்கு வாங்கிய பணத்தில் கால்பங்கு கூடச் செலவாகவில்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்காவது நியாயமாக நடந்தார்களா என்றால் அதுவும் இல்லை. அதே உணவகத்தில் நண்பருக்கு 'இன்று காலை பிடித்த ஊரித்' என்று சொல்லி ஆக்டோபஸ் கறியைப் பரிமாறியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை, இனப்பெருக்கத்துக்காக, ஆக்டோபஸ் பிடிப்பதே இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. செப்டம்பரில் இன்று காலை பிடித்தது என்றால், ஒன்று சட்டத்தை மீறியிருக்க வேண்டும், அல்லது குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததைப் புதியது என்று சொல்லி ஏமாற்றியிருக்க வேண்டும். இரண்டில் எது நடந்திருந்தாலும் விருந்தினரின் கண்ணில் மண்ணைத் தூவியதாகத்தான் அர்த்தம். மஞ்சளும் கடுகும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த மீன் விந்தாயை அந்தப் பருவத்தில் தாராளமாகக் கொடுத்திருக்கலாம். எங்கள் வீடுகளில் அதைத்தானே ரொட்டியோடு சாப்பிடுகிறோம்?

படகுச் சவாரிக் கதை இதைவிட மோசம். ஆண்டின் நடுவில் வரும் நம் குளிர்காலத்தில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று கிழக்குக் கரையில்தான் நேராக வந்து மோதும் என்பதும், மேற்குக் கரை மலைகளின் மறைவில் அமைதியாக இருக்கும் என்பதும் இங்குள்ள சிறு பிள்ளைக்குக் கூடத் தெரியும். செப்டம்பரிலும் அந்தக் காற்று முழுவதுமாக ஓய்வதில்லை. அப்படியிருந்தும் கிழக்குக் கரையை ஒட்டிய ஈல் ஓ செர்ஃப் தீவுக்கு வேகப் படகு, அருவி தரிசனம், தீவில் சுட்ட இறைச்சி விருந்து என்று மூன்றையும் சேர்த்து ஒரே சீட்டாக அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். காற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அலையில் படகு தூக்கிப் போட்டதில் அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து இரண்டு நாள் அவதிப்பட்டார். அந்தச் சீட்டை விற்ற மேசையில் இருந்தவருக்கு வயதானவர் கூட வருகிறார் என்பது தெரியும். அறை முன்பதிவே அவர் கையில்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அவர்கள் கடலில் குளிக்க விரும்பியபோது, வேறொரு பெரிய ஓட்டலின் கடற்கரைக்கு நாள் சீட்டு வாங்கும்படி யோசனை சொல்லியிருக்கிறார்கள். மொரிஷியஸின் கடற்கரை மணல் எந்த ஓட்டலுக்கும் சொந்தமானது இல்லை; அலை ஏறுகிற எல்லை வரை அது பொதுச் சொத்து. ஃபிளிக் ஆன் ஃபிளாக்கிலோ மோன் ஷுவாசியிலோ சவுக்கு மரத்தடியில் பாயை விரித்துவிட்டு யார் வேண்டுமானாலும் இறங்கிக் குளிக்கலாம், காசு கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாகப் பிரியாணிப் பானையோடு வந்து அங்கே பொழுதைக் கழிக்கிறோம். இலவசமாகக் கிடைப்பதை மறைத்துவைத்து அதையே காசுக்கு விற்பது எந்த ஊர் நியாயம்? எங்கே குளிக்கக் கூடாது என்பதையும் இவர்கள் சொல்வதில்லை. சுயாக்குக்கு அருகே கிரி கிரியில் பவளப்பாறை அரண் இல்லாததால் பெருங்கடல் அலை நேராகக் கரையில் வந்து அறைகிறது. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, இறங்கினால் உயிருக்கு ஆபத்து. அந்த எச்சரிக்கையைக் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டாமா?

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் இதே கணக்கில்தான் தயாராகிறது. போர்ட் லூயிஸ் துறைமுகத்தை ஒட்டி ஆப்பிரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் ஏறக்குறைய ஐந்து லட்சம் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் வந்திறங்கிய குடியேற்ற நிலையம் அது. 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறவர் அந்தக் கற்படிகளின் முன் நிற்க வேண்டாமா? அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. நுழைவுக் கட்டணம் இல்லாததால் பங்கும் இல்லை, பங்கு இல்லாததால் என் நண்பரின் குடும்பத்துக்கு அப்படி ஓர் இடம் இருப்பதையே யாரும் சொல்லவில்லை. அவர்கள் அதைக் கடந்து பக்கத்துக் கடைவளாகத்துக்குப் போய்ச் சட்டை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள்.

கோயில்களுக்கும் அதே கதிதான். போர்ட் லூயிஸின் கைலாசம் கோயிலும், காத்ர் போர்னில் கோர் த கார்த் மலைச்சரிவில் படியேறிப் போகும் முருகன் கோயிலும் எந்த ஓட்டலின் தாளிலும் இல்லை. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லா பூர்தொனே இந்தத் தலைநகரைக் கட்டியெழுப்பியபோது புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்களும் அங்கே உழைத்தார்கள். கூலித் தொழிலாளர்கள் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்களின் கால் பட்ட மண் இது. மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைக் கண்டு அந்த அம்மா ஆச்சரியத்தோடு காரணம் கேட்டபோது, ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்பினாராம். அந்த நோட்டை வாங்கத் தெரிந்தவருக்கு அதில் இருக்கும் எழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

எல்லா ஓட்டுநரையும் ஒரே தராசில் நிறுத்த மாட்டேன். முகவர் தருகிற அற்பக் கூலியில் பெட்ரோலுக்கும் வண்டித் தவணைக்கும் போக வீட்டுக்கு மிஞ்சுவது சொற்பம் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் நீட்டும் பங்கை மறுக்க வேண்டுமென்றால் அந்தக் கூலி நியாயமாக இருக்க வேண்டும். என் கோபத்தின் பெரும்பகுதி, அவரை அந்த நிலையில் வைத்துவிட்டு மேலே உட்கார்ந்து முதல் பங்கை எடுத்துக்கொள்கிற நிறுவனங்களின் மேல்தான். வருகிறவர்களிலும் சிலர், 'நல்ல இந்தியன் ரெஸ்டாரன்ட் எங்கே இருக்கிறது' என்பதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் கிடைக்கும் பன்னீர் பட்டர் மசாலாவைத் தேடி இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்தால், அதை மூன்று மடங்கு விலைக்கு விற்க ஆள் கிடைக்கத்தான் செய்வான்.

இனி வருகிறவர்கள் தயவுசெய்து காரில் ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். இங்கே வாடகைக் காரில் மீட்டர் ஓடாது. ஆகவே எந்த இடங்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம், வழியில் எந்தக் கடையிலும் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு நாளாவது கார் இல்லாமல் சுற்றுங்கள். க்யூர்பீப்பிலிருந்து போர்ட் லூயிஸ் வரை மெட்ரோ ஓடுகிறது. தலைநகரில் இறங்கினால் மத்தியச் சந்தையும் ஆப்பிரவாசி காட்டும் நடக்கும் தூரம்தான். சந்தைக்குள்ளேயே டோல் பூரி கிடைக்கும். பாலில் சப்ஜா விதையும் கடற்பாசி ஜெல்லியும் மிதக்கும் அலூடாவை வெயில் ஏறியபின் குடித்துப் பாருங்கள். திங்கட்கிழமையாக இருந்தால் மாஹேபூர்க் சந்தைக்குப் போங்கள். வயதானவர்கள் கூட இருந்தால், காற்றுக் காலத்தில் கிழக்குப் படகுச் சவாரியைத் தவிர்த்துவிட்டு மேற்குக் கரையில் தங்குங்கள்.

ஓட்டல் மேசைகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். நீங்கள் காலையில் வேலைக்கு வரும் வழியில் எந்தக் கடையில் நின்று வடையும் ரொட்டியும் வாங்குகிறீர்களோ, ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடற்கரைக்கு உங்கள் அம்மாவை அழைத்துப் போகிறீர்களோ, அந்தப் பெயர்களை எதிரே நிற்கும் விருந்தினரிடமும் சொல்லுங்கள். அச்சடித்த தாளை நீட்டும்படி முதலாளி சொன்னால் நீட்டுங்கள். அதன் பின்பக்கத்தில் இந்தப் பெயர்களைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். சைவச் சாப்பாடு எங்கே என்று ஒரு முதியவர் கேட்டால், இந்த நாட்டில் அது இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.