பட்டினி மட்டும் போதாது
யூதர்களின் பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்று ஒரு நாள் பட்டினி கிடந்தால் வருஷம் முழுக்கச் செய்த பாவமெல்லாம் போய்விடும் என்பதுதான் அவர்களின் நம்பிக்கை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இது பாதிதான் சரி. கடவுளுக்கு எதிரான தவறுகளுக்கு அந்த நாள் பரிகாரம். சக மனிதனுக்குச் செய்த தவறை, அவனை நேரில் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் தீர்க்காது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதியில் தெளிவாகவே இருக்கிறது. மன்னிக்க மறுப்பவரிடம் மூன்று முறையாவது போய்க் கேட்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் விதியாகவே எழுதினார். யூதப் புத்தாண்டும் யோம் கிப்பூரும் வரும் பண்டிகைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய, யூத நாட்காட்டியின் எலுல் மாதமே இப்படித் தன்னைத் தானே கணக்குப் பார்க்கத்தான். பல ஜெப ஆலயங்களில் காலையில் ஷோஃபார் என்ற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதி அதை நினைவூட்டுவார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் நான் பராமரிப்பு வேலை செய்த வீட்டு அம்மாவுக்கு அப்போது எண்பது வயதிருக்கும். சொத்துத் தகராறில் தங்கையோடு பல வருஷமாகப் பேச்சில்லை. அந்த எலுலில் அவரே ஃபோன் போட்டார். இரண்டு முறை தங்கை பேசாமல் வைத்துவிட்டார். மூன்றாம் முறை அம்மா, "தப்பு என்மேல்தான்" என்று சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் அழுதார்கள். உண்ணாவிரதம் அதற்கடுத்த வாரம்தான் வந்தது. உடம்புக்கு முடியாததால் டாக்டர் சொன்னபடி அன்று அவர் சாப்பிட்டார்.